பாரம் ஏறிய பிறகு

பாம்பன் பாலத்தில் ஏறும்போது டொக்.
அப்புறம் இணைப்புக்கு இணைப்பு டொக்.
பக்கத்துப் பாலத்தில் ரயில் போனால் மட்டும் கேட்காது.

ஜாக்கி லூசாகக் கிடக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.
பிறகு ஸ்டெப்னி மேல் சந்தேகம்.
பிறகு எதையும் நினைக்காமல்
ரேடியோவைக் கூட்டி வைத்து
ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டினேன்.
சாயல்குடி ரோட்டு வளைவில் ஒருநாள்
வண்டியின் முன்பக்கம் நான் சொன்ன திசையில் போனது,
பின்பக்கம் யோசித்துவிட்டு வந்தது.

புஷ் போய்விட்டது.

பின் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் கைகளின் முனையில்
எலுமிச்சம்பழம் அளவு ரப்பர்,
இரும்பும் இரும்பும் நேருக்கு நேர் மோதாதிருக்க
நடுவில் வைத்தது.
பதினேழு வருஷம் தங்கச்சிமடத்து நண்டு ஏற்றினோம்
பின்சீட்டைக் கழற்றிவிட்டு.
பெட்டியில் ஐஸ் உருகி, நண்டு நுரைத்து,
வடிந்த தண்ணீரெல்லாம் போன இடம் இதுதான்.
குனிந்து பார்த்தால்
வெயிலில் விட்ட களிமண்போல் வெடித்திருந்தது.

விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் தடைக்காலம்.
கம்பெனி பூட்டு. கையில் நேரம்.
போல்ட்டுக்கு ஒரு ராத்திரி டீசல் ஊற்றினேன்.
மறுநாளும் டீசல்.
மூன்றாம் நாள் ஸ்பானரில் பைப் சொருகித் தொங்கினேன்,
போல்ட் அசையவில்லை
பனைத்துண்டில் நின்ற கார் அசைந்தது.
கடைசியில் ரம்பம்தான். நாலு பிளேடு தின்றது.
பழைய ரப்பரை எரித்தெடுத்தபோது
கச்சான் காற்று அந்தப் புகையை நேராக
பெல்சி வீட்டுக் கருவாட்டின் மேல் கொண்டுபோய் விட்டது.
அதற்கு வாங்கிய ஏச்சு தனிக்கதை.

மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்த புதிய புஷ்களை
அக்காவின் துணி சோப்பைத் தடவி
வைஸில் வைத்து இறுக்கி இறுக்கி ஏற்றினேன்.
ஒன்று கோணலாகப் போனது. எடுத்து மறுபடி.

உச்சிப்புளி ஹமீது போனில் சொன்னார்:
"தூக்கி வெச்சபடி முறுக்கிடாதீங்க.
சக்கரம் தரையில நிக்கணும், பாரம் ஏறணும்,
அப்பறம்தான் கடைசி முறுக்கு.
இல்லன்னா மாட்டுன அன்னைக்கே ரப்பர்
முறுக்கிக்கிட்டு நிக்கும்.
ஆறு மாசம் தாங்காது."

பாரத்துக்கு எங்கே போவது?
நண்டு இல்லை. ஐஸ் பிளாண்டும் ஓடவில்லை.
வேலியோரம் முதுகைக் காட்டியபடி
வலையில் ஈயம் கோத்துக்கொண்டிருந்தார்
அக்கா புருஷன் இன்னாசி. தொண்ணூறு கிலோ.
கார்த்திகை மாதக் கணக்கில் பதினொராயிரம்.
எட்டு மாதமாக
அக்கா இரண்டு பக்கமும் டீ கொண்டுவந்தாள்,
இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டாள்.

சக்கரத்தைப் பார்த்துச் சொன்னேன்:
"யாராச்சும் ஏறி உக்காரணும்."

ஈயத்தைக் கீழே வைக்கும் சத்தம்.
செருப்பைக் கழற்றும் சத்தம். (காருக்கு எதற்கு?)
நண்டுப் பெட்டி இருந்த இடத்தில்
முழங்காலை மடித்து, தலை கூரையில் இடிக்க,
உட்கார்ந்தார்.
வண்டி இறங்கியது.
கீழே என் கண்ணெதிரே அந்த இரும்புக் கை
மெல்ல நகர்ந்து
தனக்கான இடத்தில் நின்றது.

முறுக்கினேன்.
"ஆச்சா?"
"இன்னும் நாலு."
முறுக்கினேன்.
"பதினொண்ணு இல்ல. ஒம்பதே கால்."
ஸ்பானர் நழுவி விரல் முட்டியைச் சீவியது.
"நோட்ட எடுத்துட்டு வாங்க, பாப்போம்."
"வர்றேன்."
ஆனால் இறங்கவில்லை.

கடைசி போல்ட் இறுகிக் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது.
நானும் சொல்லவில்லை.
முகத்தில் விழுந்த துருவைத் துடைத்துக்கொண்டு
கீழேயே கிடந்தேன்.

காலையில் பாலத்தில் ஏறினேன்.
டொக் இல்லை.
இத்தனை நாள் அதற்குள் ஒளிந்திருந்த
இடது கதவு இப்போது
கிறீச்சிட ஆரம்பித்திருக்கிறது.