ஏழாவது கேள்வி

மினியாபோலிஸ் வடக்கில் பனி இன்னும் கரையவில்லை.
தேவாலயக் கூரையில் சோலார் பலகைகள் வரப்போகின்றன,
பங்கு சேர்க்கப் படிவக் கட்டோடு படியேறினேன்.

முதல் கதவு: "கூரை என்னுடையது இல்லையே."
கூரை வேண்டாம், அங்கே உங்களுக்கு ஒரு பங்கு,
இங்கே பில்லில் கழியும் என்றேன்.
"இதில் என்ன ஏமாற்று?"
சங்கிலி விழுந்தது.
போன வருடம் கேஸ் கம்பெனி பேரைச் சொல்லி
எவனோ கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறான்.
கதவைக் குறை சொல்ல முடியாது.

நிலவறை வீட்டில் பா கூ லோர்.
சன்னலுக்கு ஒரு முழம் தள்ளி
அடுத்த கட்டடத்தின் செங்கல்.
ஜூன் மாதத்திலும் விளக்கைப் போட்டே அரிசி களைகிறாள்.
ஆறு கேள்விவரை சிரித்தபடி நிரப்பியவள்
ஏழில் பேனாவை மூடினாள்:
உங்கள் கடன் மதிப்பெண்
அறுநூற்றெண்பதுக்கு மேல் உள்ளதா?

மகனுக்குக் குடல்வால் வெடித்த வருடம்
அது விழுந்ததாம்.
கரண்ட் பில்லை ஒரு மாதமும் விட்டதில்லை என்று
பிஸ்கட் டப்பாவைக் கட்டிலில் கவிழ்த்தாள்.
பதினோரு வருட ரசீதுகள்.
எண்ணச் சொன்னாள்.
எண்ணினேன்.

கூட்டம் செவ்வாய் காலை பத்துக்கு என்றிருந்தது.
செவ்வாய் காலை பத்துக்கு வரக்கூடியவர்களுக்கு
ஏற்கெனவே கூரை இருக்கிறது.
ஞாயிற்றுக்கு மாற்றினோம்.
சோமாலியிலும் மோங்கிலும் எடுத்துச் சொல்ல ஆள்,
குழந்தைகளுக்குப் பக்கத்து அறை,
ஓர் அண்டா சூப்.

பொருளாளர் வெண்டெல் கணக்கைக் காட்டினார்.
ஏழை நீக்கினால் வங்கி வட்டி ஏறும்.
பொய் சொல்லவில்லை அவர்.
என் காதில் மட்டும் அது தமிழில் விழுந்தது:
ஏழை நீக்கினால்.
ஏழை வைத்துக்கொண்டு
ஏழையை நீக்கும் படிவம்.
அந்த அறையில் யாரிடம் போய்ச் சொல்ல?

ஸ்கூல் பஸ் ஓட்டும் ஹோதன் எழுந்தாள்.
"வெயில் என்ன கடனுக்கா விழுகிறது?
பில் கட்டினார்களா என்று கேளுங்கள்,
அதுதானே உங்களுக்கு வேண்டும்."
டப்பா கைமாறி மேசைக்கு வந்தது.
வெண்டெல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து
ஒவ்வொரு ரசீதாகப் பார்த்தார்.
சூப் ஆறிவிட்டது.

இருபத்து மூன்றுக்கு இருபத்தொன்று.
கோடு போட்டு அடித்தோம்.

"மார்ச்சில் வீடு மாறினால்
என் பங்கு கூட வருமா?"
பின்வரிசையிலிருந்து யாரோ.
பதில் ஒருவரிடமும் இல்லை.
வெண்டெல் அதைக் குறித்துக்கொண்டார்.
இன்னும் குறிப்பாகவே இருக்கிறது.

பனிமூட்டம் பிடித்த மாதம்.
பா கூ லோரின் பில்லில் முதல் கழிவு:
ஒன்பது டாலர் நாற்பது.
விளக்கடியில் பிடித்து இரண்டு தடவை படித்து
டப்பாவில் போட்டாள்.
அவ்வளவுதான்.
அந்த வீட்டுக்குள் வெயில் வந்தது
உறையில் மடித்துத்தான்.

மறுபடி முதல் கதவு.
சங்கிலி நீளத்துக்குத் திறந்தது.
எத்தனை கேள்வி என்றது உள்ளிருந்து.

ஆறு
என்றேன்.