ஜப்தி 14/78

மேலப்பாளையத்தில் கிலோ முப்பத்தெட்டு.
மீரான் தராசில் ஏற்றிக் காட்டினார், முந்நூற்றுப் பன்னிரண்டு.
"உள்ள தண்ணி கெடக்கு மேடம், ஒரு கிலோ கழிச்சிக்கிடுதேன்."
ஹாப்பரில் மழைத்தண்ணி, அதில் ஒரு தேரைக்குஞ்சு.
தேரைக்கு விலை போடவில்லை.

இது எனக்கு நாலாவது எஞ்சின்.
மூன்று ஓடும். ஒன்றுக்கும் வேலை கிடையாது.
களக்காட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க் நான்,
வாழைக்கடன், நகைக்கடன்.
சொந்தமாக ஒரு கிணறுகூட இல்லை.
"பொம்பளைய நகை சேப்பாவ, நீ ஃப்ளைவீல் சேக்கே" என்பார் தாசன்,
சொல்லிக்கொண்டே செயின் பிளாக்கை இழுப்பார்.

பிஸ்டன் பிடித்திருந்தது.
டீசலும் மண்ணெண்ணெயும் ஊற்றி வைத்தேன்.
ஆனி போயிற்று.
ஆடிச் சாரல் தகரத்தில் அடித்து ஓய்ந்தது.
புங்கங்கட்டை வைத்துத் தினம் அஞ்சு தட்டு;
ஆறாவது தட்டு கோபம்,
கோபத்துக்கு வார்ப்பிரும்பு விரியும்.
நாற்பத்தொன்றாம் நாள் ஒரு நூல் இறங்கியது.
ஒரு நூல்தான்.
அன்றைக்கு ஆபீசில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்,
காரணம் சொல்லவில்லை.

ஃப்ளைவீல் விளிம்பைச் சுரண்டினால் நீலம்,
நீலத்துக்குக் கீழே பச்சை,
பச்சைக்குக் கீழே வெள்ளையில் யாரோ எழுதியது:
ஜப்தி 14/78.
அடுத்து எங்கள் சங்கத்தின் பெயர்.
சுரண்டியைக் கீழே வைத்தேன்.

ரெக்கார்டு ரூமில், கரையான் தின்றது போக ஒரு வரி.
உச்சிமாகாளி, த/பெ சுடலையாண்டி.
ஆயில் எஞ்சின் ஒன்று.
ஏலத்தொகை போகப் பாக்கி ரூ. 212.40.
எழுதிய கிளார்க் யாரென்று தெரியவில்லை.
என்னைப் போலவே
ஏழுக்குக் குறுக்கே கோடு போடுகிறவர்.

கட்டிவிடலாமா சார் என்று செயலரிடம் கேட்டேன்.
"எந்தத் தலைப்புல வரவு வைக்க?
தள்ளுபடியாகி முப்பது வருசமாச்சு.
போயி வாழைக்கடன் லிஸ்ட எடும்மா."

புரட்டாசி ஞாயிறு.
கட்டைவிரலை மடக்காமல் ஹாண்டிலைப் பிடித்தேன்;
மடக்கினால் என்ன ஆகும் என்பது
போன வருசக் கட்டுக்குத் தெரியும்.
தாசன் லீவரைத் தூக்கிப் பிடிக்க
ஒன்று, இரண்டு, மூன்று, விடுங்க!
டொக்.

பிறகு வெகுநேரம் எதுவுமில்லை.

டொக். டொக். டொக்.

புகை வாழைகளுக்கு மேல் போனது.
அடுத்த தோட்டத்துக்காரர் மடித்துக் கட்டிய வேட்டியோடு வந்தார்.
"தண்ணி எங்க பாயுது?"
எங்கேயும் பாயலை.
"பொறவு எதுக்கு ஓடுது?"
பெல்ட் இல்லாத சக்கரத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.
நான் பதில் யோசிப்பதற்குள்
செருப்பைக் கழற்றிப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

எல்லா இடமும் பச்சை அடித்தாயிற்று.
அந்த ஒரு சாணை மட்டும் டேப் ஒட்டி விட்டுவைத்தேன்.
ஓடும்போது அதைப் படிக்க முடியாது,
மங்கலாக ஒரு வெள்ளை வளையம், அவ்வளவுதான்.
டீசலை அடைத்தால்
சுற்றிச் சுற்றி, முன்னும் பின்னும் ஆடி
எங்கேயாவது நிற்கும்,
பெரும்பாலும் தலைகீழாக.