மீட்டர் சொன்ன கணக்கு

மரியாம்போலே கார்ச் சந்தையில்
மீட்டர் சொன்னது ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.
சிங்கிள் ஓனர், ஜெர்மன் வாத்தியார்,
ஞாயிறு பூசைக்கு மட்டுமே எடுத்த வண்டி
என்று தலையிலடித்துச் சத்தியம் செய்தான் விற்றவன்.

ஷிவிலே காற்றுக்குழாயைக் கழற்றுகிறாள்.
உள்ளே தாராய் இறுகிய கரி.
சுண்டுவிரல் நுழையுமளவே மூச்சுவழி.

சுரண்டுகிறாள்.
மண்ணெண்ணெய், பழைய டூத் பிரஷ்,
மறுபடி மண்ணெண்ணெய்.
தட்டில் விழும் செதில் ஒவ்வொன்றும்
மூன்று லட்சம் என்கிறது,
நாலாகவும் இருக்கலாம் என்கிறது.

வெளியே மைனஸ் பதினெட்டு.
இரவு ஒன்பதுக்கு,
முதல் திருகலிலேயே பிடித்துக்கொண்டது வண்டி.
பனிமேல் ஒரு கறுப்புத் தும்மல்.
அப்புறம் புகையே இல்லை.

'இப்போது விற்றால் எவ்வளவு தேறும்?'
கொழுந்தன் ரிமாண்டஸ் கேட்கிறான்.
அவள்
கரியைக் கொட்டாமல் வழித்து
வெள்ளரி ஊறிய ஜாடியில் அடைக்கிறாள்.

வாங்க வருபவர்
முதலில் இதன் மூடியைத் திறக்கட்டும்.