இடப்பக்க விளக்கு

எண்பது யூரோவுக்கு வாங்கினேன்.
இழுவைவண்டி மட்டும்.
"படகு எங்கை?" பிரேமனிலிருந்து அத்தான்.
"இல்லை."
"பிறகு?"
பிறகென்ன, வண்டி இருக்கிறதே.
அவர் ஃபோனில் சிரித்து முடியும்வரை
சில்லுகளுக்குக் காற்றுப் பார்த்தேன்.
ஒன்றில் இருந்தது.

எக்கர்ன்ஃபோர்டேயில் மீன் புகையிடும் ஆலை,
காலை வேலை, இரண்டு மணிக்கு முடியும்.
கை கழுவி, எலுமிச்சை தேய்த்து, மறுபடி கழுவி
கராஜைத் திறந்தால்
புகை வாசம் என்னோடு உள்ளே வரும்.
துரு வாசம் ஏற்கெனவே அங்கே இருக்கும்.
இரண்டும் சண்டை பிடிக்கவில்லை.

மேல்வீட்டு வீப்கே கிரைண்டர் தந்தாள்,
கண்ணுக்குக் கண்ணாடியும் தந்தாள்.
"விரல் பத்தையும் எண்ணிவிட்டுத்தான்
திருப்பி வாங்குவேன்."

மேலே பச்சை. பச்சைக்கு அடியில் சாம்பல்.
சாம்பலுக்கு அடியில் யாரோ அவசரத்தில் பூசிய
மீன்பெட்டி நீலம், அதில் ஒட்டிய தூரிகை மயிர்.
அதற்கும் அடியில் இரும்பு.
அது கூசியது, பேசியது என்றெல்லாம் சொல்லமாட்டேன்.
இரும்பு இரும்பாக இருந்தது.
வலது சட்டத்தில் ஓரிடம் மட்டும்
சுத்தியல் பட்டதும் அப்பளமாய் நொறுங்கியது.
அன்றைக்கு அவ்வளவுதான். தேநீர்.

வெல்டிங் நான் செய்யவில்லை.
துறைமுகத்து யோர்க் செய்தான்.
கூலியாக மீன் ரோல்ஸ் கேட்டான், ஒரு பெட்டி.
முகமூடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு
நின்ற இடத்திலேயே பெட்டியை முடித்தான்.

பேரிங்கைக் கழற்றினால் கிரீஸ் பால்போல் வெளுத்திருந்தது.
உப்புநீர்.
எத்தனை கோடை
பின்பக்கமாகக் கடலுக்குள் தள்ளி
அச்சு முங்க நிறுத்தியிருப்பார்கள்.
படகு மிதந்ததும் எல்லோரும் படகைப் பார்த்திருப்பார்கள்.
ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்பார்கள்.
ஏறியது, இறங்கியது.
அப்புறம் வண்டி எங்கே நின்றது என்று
யாராவது சொன்னார்களா?

நிறம் வாங்கப் போனேன்.
ஒருவர் கலக்கச் சொல்லிவிட்டு
வேண்டாமென்று விட்டுப்போன டின், பாதி விலை.
கடைக்காரன் மூடியை நெம்பிக் காட்டினான்.
கத்தரிப்பூ.

வீப்கே, லிலா என்றாள்.
லிலா இல்லை.
கத்தரிக்காயா?
காய் இல்லை, பூ.
அவள் அந்தப் பூவைக் கண்டதில்லை.
இனி வண்டியைக் காட்டிச் சொல்லலாம்.

ஏப்ரலில் இந்த ஊரில் எதுவும் காயாது.
மூன்று பூச்சுக்குப் பதினொரு நாள்.
மூலை, முடுக்கு, ஆணித்துளை,
யாரும் குனிந்து பார்க்காத அடிவயிறு,
ஒன்றையும் விடவில்லை.
இரண்டாம் பூச்சில் ஒரு கொசு விழுந்தது.
அதையும் விடவில்லை, அப்படியே பூசிவிட்டேன்.

வியாழன் காலை டியூஃப் பரிசோதனை.
புதன் இரவு இடப்பக்க விளக்கு எரியவில்லை.
பல்ப் புதிது. வயர் புதிது.
வலது பக்கம் எரிந்து என்னைக் கேலிசெய்தது.
பத்தரை மணிக்கு வீப்கே செருப்போடு இறங்கிவந்து
டார்ச் அடித்து, ஆணியைத் தொட்டு,
"இவ்வளவு அழகாக ஏன் பூசினாய்?" என்றாள்.
எர்த் வயர் வந்து தொடுகிற இடத்தில்
தொட இரும்பில்லை. மூன்று பூச்சு கத்தரிப்பூ.

கறிக்கத்தியை எடுத்துவந்தேன்.
ஐம்பது சென்ட் நாணயமளவு
சுரண்டினேன், கை கூச,
வெள்ளி மினுங்கும்வரை.
வயரை வைத்து இறுக்கினேன்.
கராஜ் சுவர் சிவந்தது.

பரிசோதகன் சின்னப் பையன்.
தட்டினான், ஆட்டினான், படுத்து அடியில் பார்த்தான்.
கொசுவைக் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.
ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுக் கேட்டான்:
"எதை ஏற்றப் போகிறீர்கள்?"
"இன்னும் தெரியாது."
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

திரும்பும் வழியெல்லாம் கல்பாவிய தெரு.
வெறும் வண்டி குதித்தது, கூச்சலிட்டது,
பேக்கரி வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
சிக்னலில் பிரேக்கை மிதித்தேன்.
மூக்குக்கண்ணாடிக் கடையின் சன்னலில்
இரண்டு சிவப்பு.
பச்சை விழுந்தபிறகும்
கொஞ்சம் மிதித்தபடியே இருந்தேன்.
பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான்.