கடைசிச் சுற்று, மூன்றே முக்கால்

வியாழக்கிழமை போகலாம், மலக்கி.
ஞாயிறு என்றால் பேருந்து பேருந்தாக ஜெர்மன்காரர்கள்.
திங்கள் விடுமுறை.
செவ்வாய் உன் முழங்காலுக்கு டாக்டர்.
அக்டோபர் முடிந்தால் கில்டோரன் கோட்டையைப் பூட்டிவிடுவார்கள்,
வௌவால்கள் உறங்க வேண்டுமாம்.
நாம் அங்கே கத்தித் திரிந்த நாளில்
வௌவாலின் சௌகரியத்தை யார் கேட்டார்கள்?

அறுபத்தாறு தாண்டியவர்களுக்கு ஆறு யூரோ.
போனை எடுத்த பெண்ணின் பெயர் க்ளோடா.
எண்பத்தொன்பது படி, லிஃப்ட் கிடையாது,
பதினைந்தாம் நூற்றாண்டில் யாரும் கேட்கவில்லை பாருங்கள்
என்று மூச்சுவிடாமல் ஒப்பித்துத்
தானே சிரித்துக்கொள்கிறாள்.
இதற்குமுன் வந்திருக்கிறீர்களா, மேடம்?

என்ன சொல்ல?
கூரையில்லாத பெருங்கூடத்தில்
அப்பா வைக்கோல் அடுக்கியதையா?
பிரபு அமர்ந்து விருந்துண்ட மேடையில்
நம் வெள்ளைக்கால் பசு ஈன முடியாமல் கிடந்ததையா?
கன்று பின்கால் முன்னே வந்தது.
நீ சட்டையைக் கழற்றித் தோள்வரை கையை விட்டாய்.
வந்திருக்கிறேன் என்றேன்,
சின்ன வயதில், ஒரு தடவை.

இப்போது ஓக் மரக் கூரை,
இரும்பாணி ஒன்றுகூட அடிக்காமல்.
சுவரெல்லாம் சுண்ணாம்பு வெள்ளை,
பெல்ஜியத்திலிருந்து திரைச்சீலை,
பேட்டரியில் எரியும் மெழுகுவர்த்திகள்.
கோட்டைக்கென்று அரசாங்கம் அப்பாவுக்குக் கொடுத்ததில்
ஒரு டிராக்டர் வந்தது.
அதுவும் பழையது.

சரி, திட்டத்தைக் கேள்.

வாசலில் அண்ணாந்து பார்க்கச் சொல்வார்கள்.
கொலைத்துளை;
எதிரி தலையில் கொதிநீர் ஊற்றுவார்களாம்.
ஆச்சரியப்படு.
அது வழியாகத் தபால்காரர் தலையில்
டர்னிப் போட்ட கதையை எடுக்காதே.
படியேறும்போது கயிற்றைப் பிடி.
பதினேழாவது மட்டும் உயரம்,
அந்நியன் தடுக்கி விழட்டும் என்று வைத்தது.
அந்த வீட்டிலேயே வளர்ந்தும்
இரண்டு முறை விழுந்தவன் நீ.

மூன்றாம் தளத்தில், கழிப்பறை மாடத்தருகே
நீ நிற்காதே.
எதிர்ச் சன்னலுக்குப் போய்
க்ளோடாவிடம் நீளமாக ஒரு கேள்வி கேள்,
நார்மானியர்களைப் பற்றி,
முடிவில்லாத பதிலாக வரவேண்டும்.
எனக்கு இரண்டு நிமிடம் போதும்.
மாடத்தில் இடப்பக்கம், கீழிருந்து மூன்றாவது கல்
ஆடும். அப்போது ஆடியது.
அதன் பின்னால் ஒரு புகையிலை டப்பா.
பூசியிருந்தால் பூசியிருக்கட்டும்,
தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.

டப்பா என்றதோடு நிறுத்தினேன்.
முட்டை விற்ற காசு என்று சொல்லவில்லை,
ஹோலிஹெட் கப்பலுக்கு
இன்னும் பாதி சேரவேண்டியிருந்தது என்றும்.
அறுபத்தெட்டு மார்ச்சில் ஒரு விடியலில்
உன் கட்டில் காலியாய் இருந்தது.
பர்மிங்காமிலிருந்து தபாலட்டை வர
ஆறு வாரம்.
அதற்குள் அப்பாவுக்கு நெஞ்சுவலி கண்டது.
பதினோரு மாட்டுக்கும் பால் கறக்க
நான் ஒருத்தி.
டப்பாவை எண்ணிப் பார்க்க
அதன்பின் அந்தப் படி ஏறவேயில்லை.

என்ன டப்பா என்று கேட்பாய் என இருந்தேன்.
உன் பக்கம் கெட்டில் கொதித்து
தானாக அணைந்தது.
நெடுநேரம் கழித்துக் கேட்டாய்:
"அந்த ஆரஞ்சு நோட்டெல்லாம்
இப்போது செல்லுமா, அட்ராக்டா? ஐந்தும்?"

நோட்டு என்று நான் சொல்லவில்லை.
ஐந்து என்று எவரிடமும் சொன்னதில்லை,
பாவமன்னிப்பில் பாதிரியாரிடம்கூட.

முற்றத்தில் மழை பிடித்துக்கொண்டது.
கொடியில் துணி கிடக்கிறது, எடுக்கப் போகவில்லை.
ரிசீவரை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

வியாழன், மூன்றே முக்கால் சுற்று, இரண்டு பேர்.
கம்பளிக் குல்லாய் எடுத்துக்கொள்,
கூரை போட்டாலும் கல் குளிரும்.
நார்மானியர்கள் கேள்வி அப்படியே இருக்கட்டும்,
கல்லை நான் ஒருதரம் அசைத்துப் பார்க்க வேண்டும்.
டிக்கெட் மட்டும், மலக்கி,
உன் செலவு.