நல்ல நாள் ஒன்றைச் செலவழித்தல்

கடிதம் வியாழக்கிழமை வந்தது.
பதினெட்டு ஆண்டு நான் சுமந்த பை
இப்போது வேறொருத்தியின் தோளில்.
பெட்டியில் போட்டுவிட்டு
மேட்டுத் தெருவில் ஏறிப் போகிறாள்,
மூச்சு வாங்காமல்.
வாசலிலிருந்து பெட்டிக்குப் பதினாறு அடி.
போய் எடுத்து வந்து
அரைமணி நேரம் படுத்திருந்தேன்,
உறையைப் பிரிக்க.

அன்புள்ள எல்ஸ்பெத்,
குளிர்காலம் நெருங்குகிறது.
உங்களைப் போன்றவர்களுக்கு
ஃப்ளூ தடுப்பூசி இலவசம்.

உங்களைப் போன்றவர்கள்.
டனீடனில் ஏப்ரல். இலை உதிரும் மாதம்.

ஊசி போட்ட ஆண்டு
காய்ச்சலில்லை, கை வீங்கவில்லை.
உடம்பு மட்டும் பத்தொன்பது நாள்
ஈர மணல் மூட்டையாய்க் கட்டிலில் கிடந்தது.
ஊசியாலா,
அந்த வாரம் மாமியார் வந்து தங்கியதாலா,
யார் கண்டது.

போடாத ஆண்டு
ஃபெர்கஸின் அக்கா மகன், நாலு வயது,
பிறந்தநாள் மெழுகுவர்த்தியை ஊதினான்.
அந்தக் கேக்கில் நானும் ஒரு துண்டு தின்றேன்.
ஜூனில் படுத்தவள்
பிப்ரவரியில்தான் தலைக்குக் குளித்தேன்,
யாரும் பிடித்துக்கொள்ளாமல்.

டாக்டர் ரட்லெட்ஜ் நேர்மையானவர்.
போடச் சொல்லித்தான் பொதுவாகச் சொல்வேன், என்றார்.
உங்கள் நோயை வைத்து யாரும் போதுமான அளவு
எண்ணிப் பார்க்கவில்லை, என்றும் சொன்னார்.
கைவிரித்துவிட்டார் என்று சொல்லமாட்டேன்.
உள்ளங்கை தெரிந்தது, அவ்வளவுதான்.

ஓமரூவில் வினிஃப்ரெட்.
என் நோயையே தன் உடம்பிலும் வளர்ப்பவள்.
வேண்டாம்டி, என்கிறாள் தொலைபேசியில்.
நீ?
நான் போன வாரமே போட்டுக்கொண்டேன்.

ஃபெர்கஸ் பேருந்து ஓட்டுகிறான்.
ஊரின் இருமல் எல்லாம் அவன் காலரில்.
அவன் போட்டுக்கொண்டாயிற்று.
எனக்காகவும்தான் என்பதை அவன் சொல்லவில்லை,
சலவை அறையிலேயே சட்டையைக் கழற்றிவிட்டு
வெற்றுடம்போடு உள்ளே வந்தான்,
தோளில் வட்டமாய் ஒரு பிளாஸ்டர்.

போடலாமா வேண்டாமா என்பதைவிட
எந்த நாளில் என்பதுதான் எனக்குக் கணக்கு.
கெட்ட நாளில் மருந்துக்கடை வரை போக முடியாது.
நல்ல நாள் மாதத்தில் ஒன்று வரும், அல்லது வராது.
வந்ததைக் கொண்டுபோய்
ஊசி முனையில் கொடுப்பதா?

செவ்வாய்க்கிழமை விழித்தபோது
தலைமயிர் கனக்கவில்லை.
இன்று என்னிடம் ஒரு நாள் இருக்கிறது, என்றேன்.
ஃபெர்கஸ் குளிர்பெட்டியில் ஒட்டிய
மருந்துக்கடைச் சீட்டைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
சாவியை மட்டும் எடுத்தான்.

முதலில் செயின்ட் கிளேர்.
அலைப்பலகையோடு மூன்று கறுப்பு உடைகள்
அலைக்குக் காத்துக் கிடந்தன.
உருளைக்கிழங்கு வறுவல்,
மேலே அள்ளித் தூவிய உப்பு,
ஒன்று கடற்காகத்துக்கு.
காலணியைக் கழற்றி நடந்தேன்.
எண்ணாமல் நடந்தேன்.
அந்த நாள் முழுவதையும் அங்கேயே
தின்று தீர்த்திருக்கலாம்.
நாலு மணிக்கு வெயில் சாய்ந்து
தோளில் சில்லிட்டது.

கடை ஐந்துக்கு மூடும், என்றேன்.
தெரியும், என்றான்.

எந்தக் கை? என்று கேட்டாள் நைரி.
இடது.
பை வார் அழுத்திய தடம் இருக்கும் பார்,
அதற்குக் கீழே.

பதினைந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.
உட்காருவதா? அதில் எனக்குப் பயிற்சி உண்டு.

கண்ணாடிக்கு வெளியே என் பழைய தெரு,
சுவர் போல நிமிர்ந்து.
நாற்பத்தொன்றில் நாய்.
நாற்பத்து மூன்றில் மூடி உடைந்த பெட்டி,
மழை நாளில் கதவைத் தட்டிக் கொடுக்க வேண்டும்.
இது அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ.
கண்ணால் மட்டும் ஏறினேன்.
நாற்பத்தேழு வரை போனேன்,
நேரம் முடிந்தது.

வண்டியில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.
கை இன்னும் வலிக்கத் தொடங்கவில்லை.
காலணிக்குள் மணல்.
நாளைக்கு எப்படி எழுந்திருப்பேனோ,
எழுந்திருப்பேனோ,
இப்போதைக்கு அதைத் தட்டவில்லை.