ஒரே கோடு

ஸ்மோலாண்டில் நவம்பர்.
மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது.
காப்பகத்தில் என் மேசைக்கு
இரண்டாவது முறையாக விளக்கு மாற்றித் தந்தார்கள்.

பாதிரியாரின் குடும்பப் பதிவேடு,
1861 முதல் 70 வரை.
ஒரு பண்ணைக்கு ஒரு பக்கம்:
எஜமான், மனைவி, பிள்ளைகள்,
பிறகு வேலையாட்கள்,
அடியில் இடம் மிச்சமிருந்தால்
கொட்டகையில் ஒண்டிக்கொண்ட யாரேனும்.

செத்தவர் பெயரைக் குறுக்கே அடித்திருக்கிறார்.
ஊரைவிட்டுப் போனவர் பெயரையும்
அதே மையால்,
அதே கோட்டால்.
எந்தக் கோடு எதற்கென்று தெரிய
வலது ஓரம் போக வேண்டும்,
குறிப்பு என்ற ஒடுங்கிய பத்திக்கு.
பேனா அங்கே அவசரத்தில் இருக்கிறது:

வ. அமெ.
வ. அமெ.
காசநோய்.
வ. அமெ.

பேராசிரியர் தெங்கெலின் பலகையில் அம்பு வரைவார்.
இந்தப் பக்கமிருந்து தள்ளுவது:
பஞ்சம், கல் மண்டிய நிலம்,
அண்ணன் தம்பி நாலாய்ப் பிரித்துக்கொண்ட காணி.
அந்தப் பக்கமிருந்து இழுப்பது:
கூலி, புல்வெளி, முன்னால் போனவன் எழுதிய கடிதம்.
நடுவில் சின்னதாய் ஒரு வட்டம்.
அதுதான் ஆள்.
அந்தப் படத்தை அப்படியே வரைந்து
பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு வாங்கினேன்.
வட்டத்துக்குள் யாரென்று
கேள்வித்தாளில் கேட்கவில்லை.

இப்போது தெரிகிறது, ஒருத்தி.
ஸ்டீனா காய்சா, வேலைக்காரி, பிறப்பு 1847.
பெரியம்மை: கண்டது.
வேதப்பாடம் வருகிறதா என்று
வீடு வீடாய்ப் போய்ப் பாதிரியார் சோதித்த காலம்.
அவளுக்குப் போட்டிருக்கிறார்:
வாசிப்பு நன்று. புரிதல் குறைவு.
1869 ஏப்ரலில் கோடு.

அவளைப் பற்றி அதற்குமேல்
யாரும் எதுவும் எழுதவில்லை.
நானும் எழுதக் கூடாது, சான்றில்லாமல்.
ஆனாலும் பென்சிலால் எழுதினேன்:
மரப்பட்டை அரைத்துக் கலந்த ரொட்டியை
அந்தக் குளிர்காலம் முழுக்கத் தின்றிருக்கலாம்.
துறைமுகத்தில் பெட்டிமேல் உட்கார்ந்து
காலணிக்குள் காகிதம் திணித்திருக்கலாம்.
எஜமானியின் ஸ்பூன் ஒன்றைத் திருடியிருக்கலாம்,
திருடியிருந்தால் நல்லது.

பிறகு அடித்தேன்.
இத்தனை 'இருக்கலாம்' தெங்கெலினுக்கு ஆகாது.
பிழையை அடிக்கிற அதே கோடுதான்
பிழைக்கப் போனவள் மீதும் கிடக்கிறது.

இடைவேளையில் அம்மாவைக் கூப்பிட்டேன்.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.
போஸ்னியாவை விட்டு ஏன் வந்தீர்கள் என்று
இருபத்துமூன்று வயதில் முதல்முறையாகக் கேட்டேன்,
பாடத்துக்காக என்று சேர்த்துக்கொண்டேன்.

பஸ் நின்றது, என்றாள்.
ஏறினோம்.

அவ்வளவுதானா?

உன் பெரியம்மா ஸெனாடா
அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்று
உள்ளே போனாள்.
டிரைவர் காத்திருக்கவில்லை.
வை, போர்வைகள் காய்ந்துவிட்டன.

அம்பு எங்கே போடுவது இதற்கு?
நோட்டில் பஸ் என்று எழுதினேன்.
அடுப்பு என்று எழுதினேன்.
இரண்டுக்கும் நடுவில்
கொஞ்சம் இடம் விட்டேன், ஒரு பெயர் கொள்ளுமளவுக்கு.
நிரப்பத் தெரியவில்லை.
வாசிப்பு நன்று.

ஐந்து மணிக்கு மூடும் நேரம்.
கையுறை போட்ட பெண் பேரேட்டை எடுத்துப்போக வந்து
என் முகத்தைப் பார்த்து
இன்னும் ஐந்து நிமிடம், என்றாள்.

ஸ்டீனா காய்சாவின் பக்கத்தைத் திருப்பினேன்.
பாதிரியார் அழுத்தி அடித்திருக்க வேண்டும்,
அந்த ஒரு கோடு தாளுக்குள் ஊறி
மறுபக்கத்தில் மங்கலாய்த் தெரிகிறது.
அங்கே வேறு பண்ணை.
எட்டுப் பேர்.
குறிப்புப் பத்தி காலி.
எங்கேயும் போகாதவர்கள்.
அவர்கள் பெயர்மீது
வெளிர் பழுப்பில் கிடக்கிறது
அவள் போன தடம்.